உதிரிப் பெட்டியில் வைத்த வில்வம்

ஒற்றியூரில் உறையும் பெருமானே, வடிவுடை அம்மையே, பொய் கலவாமல் இதை எழுதி முடிக்கத் துணை நிற்பீர்களாக.

அன்று வைகாசி விசாகம். நாள் பார்த்துச் சொன்னவன் நான்தான். ராணுவ ஏலத்தில் எடுத்து, சாத்தாங்காட்டு யார்டில் புதுப்பித்த பழைய ஜீப் ஒன்றையும், அதன் உதிரி பாகங்கள் அடங்கிய மரப்பெட்டியையும் கப்பலில் அனுப்ப வேண்டியிருந்தது. பெட்டிக்குள் இருப்பவற்றைப் பட்டியலிட்டுக் கையொப்பமிடுவது என் பணி. வாங்குபவரின் நாட்டில் மண்ணுக்கும் விதைக்கும் அஞ்சுவார்கள். ஆகவே பட்டியலின் அடியில், 'மண், இலை, தானியம் எதுவும் இல்லை' என்று உறுதிமொழியும் எழுத வேண்டும்.

வண்டியைக் கழுவியவர் எர்ணாவூர்க் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு பெண்மணி. மூன்று நாள் வண்டிக்கு அடியில் படுத்து, பழைய பல் பிரஷால் ஸ்பிரிங் பட்டைகளின் இடுக்கு மண்ணையெல்லாம் சுரண்டி எடுத்தார். பெட்டியையும் அவரே துடைத்தார்.

கன்டெய்னரில் ஏற்றும் வேளையில், வழக்கப்படி சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கப் போனேன். அவர் பிடுங்கிக்கொண்டார்.

"இன்னா நைனா, முதுகு ஒடியக் கழுவிக்கினு கீறேன், நீ எலுமிச்சய நசுக்கி வெதைய வுடப் பாக்குறியே! அந்தூருக்காரன் பாத்தான்னா பேஜாருதான்."

"சாமி காரியம் அம்மா."

"சாமி இங்கயேதான கீது? அத இன்னாத்துக்குக் கப்பல்ல ஏத்துற?"

சுற்றி நின்ற மூன்று தொழிலாளர்களும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் தேநீர் குடிக்கப் போனதும், காலையில் கோயிலில் பெற்ற வில்வத்தையும் ஒரு பிடி அட்சதையையும் உதிரிப் பெட்டிக்குள் கிடந்த கியர் பாக்ஸுக்கு அடியில் வைத்தேன். கண்மூடித் தொழுதேன். பெட்டியை ஆணியடித்து மூடச் சொல்லிவிட்டு, அந்த உறுதிமொழிக்குக் கீழே கையொப்பமிட்டேன்.

சில வாரங்களில் முதலாளியின் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. கருகிய இலைகள், வண்டு ஊரும் அரிசி. பெட்டியை அங்கே தடுத்துவிட்டார்கள். முதலாளி அந்த மூன்று தொழிலாளர்களுக்கு முன்னால் அந்தப் பெண்மணியை யார்டின் நடுவில் நிறுத்தி, படத்தைக் காட்டினார்.

"குப்பையோட மூட விட்டிருக்க. இதான் நீ துடைச்ச லட்சணமா?"

"நல்லாத்தான் தொடச்சேன் சார். அரிசி எப்டி வந்துச்சின்னு எனக்கு இன்னா தெரியும்?"

நாளை முதல் வரவேண்டாம் என்றார் முதலாளி. நான் நான்கடி தள்ளி நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை கோயில் மகிழ மரத்தடியில், நாள்தோறும் ஓதும் பதிகம் நாவில் எழவில்லை. இம்மரத்தடியில் கொடுத்த வாக்கை மீறிய அடியார் கண்ணொளி இழந்த ஊர் இது. எனக்குக் கண் நன்றாகவே தெரிந்தது, அதுவே கூசியது. அப்படியும் உண்மையைச் சொல்ல எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று.

கேட்ட முதலாளி சிரித்தார். "பக்தியில செஞ்சுட்டீங்க, விடுங்க பெரியவரே. அந்தம்மாவ வேணா வரச்சொல்லுங்க."

எர்ணாவூருக்குப் போனேன். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தவரிடம், முதலாளியிடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். அவர் நிமிரவில்லை.

"நீதான்னு தெரியும் நைனா. மஞ்ச அரிசிய நானா வேலைக்கு எடுத்தாந்தேன்? சொல்லுவ, சொல்லுவன்னு உன் மூஞ்சியவே பாத்துக்கினு நின்னேன்." மீனைப் புரட்டியபடியே கேட்டார்: "உன்ன இன்னா சொன்னாரு?"

"சிரித்தார்."

"என்னிய நடுவுல நிக்க வெச்சாரு. உன்னப் பாத்து சிரிச்சாரா?"

மீன் சட்டியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"திங்கக்கெழம வரேன். அந்த மூணு பேருக்கு முன்னாடிதான் என்னிய கேட்டாரு. அதே மூணு பேருக்கு முன்னாடி நீ சொல்லணும்."

திங்கட்கிழமை, அவரை நிறுத்திய இடத்திலேயே நின்று, அந்த மூவர் முன்னிலையில் சொன்னேன். இம்முறை எவரும் சிரிக்கவில்லை. அவர் வாளியை எடுத்துக்கொண்டு அடுத்த வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். அன்றுமுதல் அவர் வந்து பார்க்காமல் எந்தப் பெட்டியையும் நான் மூடச் சொல்வதில்லை. பார்த்து முடித்ததும் ஒருமுறை என் சட்டைப் பையையும் பார்க்கிறார். நானே விரித்துக் காட்டுகிறேன்.

இதைப் படித்தோர் யாவரும் கையொப்பமிட்ட சொல்லுக்குக் கூசாத கண்ணோடு, ஈசன் அருளால் நெடிது வாழ்க.