கடைசிப் பாகமும் காதுப் பஞ்சும்

சூப்பர் ஹீரோ படங்களைப் பற்றி எனக்கு இன்றைக்கும் உறுதியான அபிப்பிராயங்கள் உண்டு. பறக்கிற நாயகனைவிட, பறக்கத் தெரியாமலே அவனோடு சேர்ந்து சண்டைக்குக் கிளம்புகிறவன்தான் பெரியவன். காலத்தில் பின்னால் போய் எல்லாவற்றையும் சரிசெய்வது, கதை எழுதுகிறவருக்கு வேறு வழி தெரியாதபோது செய்கிற வேலை. வில்லன் நீளமாகப் பேச ஆரம்பித்தால் அவன் கதை முடிந்தது. இதையெல்லாம் பத்து வயதிலேயே கண்டுபிடித்துவிட்டேன். காது கொடுத்துக் கேட்கத்தான் வீட்டில் ஆள் இல்லை.

இருந்த ஒரே ஆள் அப்பா. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிப் போகும் தோணியில் அவர் தண்டல், அதாவது தோணியை நடத்திப் போகிற தலைவர். கரையில் இருக்கும் நாட்களில் மகளான என்னைத் தியேட்டருக்குக் கூட்டிப்போவார். விண்வெளிப் படத்தையும் தண்டலின் கண்ணால்தான் பார்ப்பார். “இம்புட்டுப் பெரிய கப்பல்ல நங்கூரத்த எங்கனளா வச்சிருக்கான்? குடிதண்ணி எங்கன? சோறு பொங்க ஒருத்தனையும் காணோமே” என்று படம் முழுக்க நச்சரிப்பார். பின்வரிசைக்காரர்கள் அதட்டுவார்கள். எனக்கு மானம் போகும். ஆனாலும் அவர் பக்கத்தில் இல்லாமல் படம் பார்ப்பதை நான் நினைத்ததுகூட இல்லை.

நினைத்தாலும் நடக்காது. அப்பா கடலில் இருக்கும்போது வீட்டில் யாரும் தியேட்டருக்குப் போகக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். “ஆளு கடல்ல கெடக்கயில நாம கொட்டகையில ஒக்காந்து சிரிக்கதா?” என்பாள். டிவியில் மட்டும் எந்தப் படமும் பார்க்கலாம். டிவியில் பார்த்தால் கடலுக்குத் தெரியாது போலிருக்கிறது.

அந்தக் கோடை விடுமுறையில்தான் நான் உயிரையே வைத்திருந்த படத்தொடரின் கடைசிப் பாகம் வந்தது. முந்தைய பாகத்தின் முடிவில் என் நாயகர்கள் போன விண்கலம் ஓர் ஒளிப்புயலுக்குள் நுழைந்து காணாமல் போயிருந்தது. அவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரிந்துகொள்ள ஒரு வருடமாகக் காத்திருந்தேன். படம் வெளியான வாரமே அப்பா வந்துவிடுவதாக ஏற்பாடு. படம் வந்தது, அப்பாவின் தோணி வரவில்லை. கடலில் காற்று சரியில்லை என்றார்கள்.

தெருப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். துறைமுகத்தில் வேலை பார்க்கும் என் மாமா, அம்மாவின் தம்பி, முதல் நாளே பார்த்துவிட்டார். அவர் வாயில் எதுவும் நிற்காது. கதையை உடைத்துவிடுவார்களே என்ற பயத்தில் மருந்துப் பெட்டியிலிருந்து பஞ்சை எடுத்துத் திரித்து இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டேன். சாப்பிடும்போதும் எடுக்கவில்லை. வழக்கமாக ஒன்றுக்கும் உதவாததற்கெல்லாம் திட்டுகிற அம்மா, அதை மட்டும் கண்டுகொள்ளவே இல்லை.

மாமா தினமும் சாயங்காலம் வந்தார். அம்மாவும் அவரும் அடுக்களையில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். நான் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். எனக்குப் புரிந்துவிட்டது: மாமா அம்மாவுக்குப் படத்தின் கதையைச் சொல்கிறார். எனக்குச் சட்டம் போட்டுவிட்டு இவள் மட்டும் கதை கேட்கிறாளே என்று எரிச்சலாக இருந்தது. நான் வந்ததும் நிறுத்திவிடுகிறார்களே என்று கொஞ்சம் நன்றியாகவும் இருந்தது. பஞ்சை இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டேன். தெருப் பெண்கள் வந்து ஜெபமாலை சொன்னார்கள். மே மாதம் மாதாவின் மாதம், வீடு வீடாகச் சொல்வதுதான். எங்கள் வீட்டில் தினமும் சொன்னார்கள் என்பதை நான் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

ஒருநாள் காலையில் சாளை மீனுக்குச் செதில் எடுத்துக்கொண்டிருந்த அம்மா, பஞ்சை எடுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள்.

“ஏளா, அந்தப் படத்துல கப்பலோட காணாமப் போனாங்கள்லா, அவங்கல்லாம் வருவாங்களா?”

அம்மா அந்தப் படங்களைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். “கண்டிப்பா வருவாங்கம்மா. செத்தவன் ஒடம்பத் திரையில காட்டணும். காட்டலன்னா அவன் சாகலன்னு அர்த்தம். இவங்க யாரு ஒடம்பையும் காட்டல.”

அம்மாவின் கத்தி நின்றது. “நெசமாவாளா?”

“எல்லாப் படத்துலயும் அப்படித்தாம்மா.”

அப்படித் திரும்பி வந்தவர்கள் யார் யார் என்று கேட்டாள். எட்டுப் பாகங்களிலிருந்தும் பொறுக்கிச் சொன்னேன். கடலுக்குள் விழுந்தவன், பனியில் புதைந்தவன், வேறு கிரகத்தில் மாட்டிக்கொண்டவன். மறுநாளும் கேட்டாள். அதையே சொன்னேன், அதற்கு அடுத்த நாளும் சொன்னேன். அம்மாவை ஒருவழியாக ரசிகையாக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

பிறகு ஒரு மத்தியானம். காதில் பஞ்சோடு தரையில் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது மாமா கைபேசியோடு வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். அம்மா தரையில் உட்கார்ந்து, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாமல், தலையில் மாறி மாறி அடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. கடைசியில் முடிவையே சொல்லிவிட்டார், என் நாயகன் செத்துவிட்டான்!

“ரெண்டு பேரும் வெளிய போயி அழுங்க!” என்று கத்தினேன்.

மாமா வந்து என் காதுப் பஞ்சைப் பிடுங்கினார். “ஏளா கோட்டி, ஒங்க அப்பா வந்துட்டாரு! எஞ்சின் நின்னுபோயி மெதந்துகிட்டு கெடந்தாங்களாம். மீன்பிடிக்கப் போன குளச்சல் போட்டுக்காரங்க பாத்து இழுத்துட்டு வந்துட்டாங்க. எல்லாரும் சொகமா இருக்காங்க!”

“அப்பம் ஞாயித்துக்கிழம படத்துக்குப் போவலாமா?” என்று கேட்டேன். மாமா என்னைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் வந்தாள். அப்பா மெலிந்து கறுத்துப்போயிருந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. ஆனாலும் விண்கலம் வந்ததும் ஆரம்பித்துவிட்டார்: “ஒரு பாய்கூட இல்லாமலா இவ்ளோ தூரம் போறான்? எஞ்சின் நின்னா என்ன செய்வானாம்?” பின்வரிசை அதட்டியது. அம்மா திரும்பி, “அவரு பேசட்டும்” என்றாள். அப்படி ஒரு குரலை அவளிடம் நான் கேட்டதில்லை. பின்வரிசை அடங்கிவிட்டது.

நான் சொன்னபடியேதான் நடந்தது. ஒளிப்புயல் விலகி, காணாமல் போனவர்கள் ஒவ்வொருவராக வெளியே நடந்து வந்தார்கள். தியேட்டரே எழுந்து விசிலடித்தது. ஒரு வருடக் காத்திருப்பு தீர்ந்து நான் இருக்கையின் மேலேயே ஏறி நின்றுவிட்டேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவே இல்லை. உப்புப் பட்டு எரிகிற உதட்டோடு பாப்கார்னை ஒவ்வொன்றாக மென்றுகொண்டிருந்த அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எம்மா, அங்கன பாரும்மா, எல்லாரும் வந்துட்டாங்க!” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

“அதத்தாம்ளா பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றாள்.

இத்தனை நாள் கதை கதையாகக் கேட்டுவிட்டு, படத்தின் முக்கியமான காட்சியைக் கோட்டைவிட்டுவிட்டாளே என்று வீடு வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.