சட்டையில் இருந்த கோல் கணக்கு

என் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டரில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் டிப்போ அணிக்குக் கோல்கீப்பர். கோல் விழுந்தால் மற்ற கீப்பர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், முன்னால் நிற்பவனைத் திட்டுவார்கள். இவரோ வலைக்குள் கிடக்கும் பந்தை எடுத்து, சட்டையின் வயிற்றுப் பக்கத்தில் நிதானமாகத் துடைத்துவிட்டுத்தான் வீசுவார். "பந்தைக் குளிப்பாட்டுறான்டா!" என்று கூட்டம் சிரிக்கும்.

ஸ்கோர் என்னவென்று நான் கேட்டதே இல்லை. துவைக்கிறவளுக்குத் தெரியாதா? எத்தனை சேற்றுத் தடமோ, அத்தனை கோல். ஒருநாள் ஐந்து தடத்தோடு விசிலடித்துக்கொண்டே வந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"துடைச்சு முடிக்கிற வரைக்கும்தான் அந்தக் கோலை நினைப்பேன். அப்புறம் அடுத்த பந்து வந்துடுமே."

வீட்டிலும் அதே கதைதான். நான் கத்தி ஓய்வதற்குள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, "சாப்பிடலாமா?" என்பார். முப்பது வருடத்தில் ஒரு சண்டையையாவது மறுநாள்வரை இழுக்க விட்டாரா, பாவி மனுஷன்!

அவர் இறந்து ஒரு வருடமாகிறது. தினமும் காலையில் அந்தக் கண்ணாடியை எடுத்துத் துடைக்கிறேன். துடைத்து முடிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.