மதினி கைவிட்ட விளையாட்டு

காலையில் பால் காய்ச்சுகிற நேரத்துக்கு என் போன் ஒரு தடவை அடித்து நின்றுவிடும். நான் எடுப்பதில்லை. அடுப்பைத் தணித்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அதே எண்ணுக்கு நானும் ஒரு தடவை அடித்து நிறுத்துவேன். அவ்வளவுதான். அந்தப் பக்கம் இருப்பது என் மதினி, என் அண்ணன் பெண்சாதி. எங்கள் இருவருக்குமே போனில் பேச வராது. எனக்குக் கூச்சம். அவளுக்குப் பொறுமை கிடையாது. இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால் ஒரு விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், இந்த வயதில் போனில் விளையாடினேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

எனக்கும் மதினிக்கும் வெகுகாலம் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தது. என் வீட்டுக்காரர் இறந்த அன்று வந்த வினை அது. புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத்தான் முதலில் போர்த்த வேண்டும். மற்றவர்கள் கொண்டுவருவதெல்லாம் அதற்குப் பிறகுதான். என் அண்ணன் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால், வீரகேரளம்புதூரிலிருந்து மதினிதான் சேலையோடு கிளம்பினாள். நாங்கள் இருந்த குற்றாலத்தில் அது சீசன் நேரம். தென்காசி தாண்டியதும் வண்டிகள் நகரவில்லை. அவள் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாரலில் நடந்தே வந்திருக்கிறாள். அதற்குள் இங்கே, நேரமாகிறது என்று யாரோ அவசரப்படுத்த, என் வீட்டுக்காரரின் அக்காள் தன் சேலையை என் தோளில் போட்டுவிட்டாள். தலையெல்லாம் நனைந்து வாசலில் வந்து நின்ற மதினி அதைப் பார்த்தாள். "பொறந்த வீட்டுக் கோடி பொறவால வந்தாப் போதும்னா, என்னை எதுக்கு வரச் சொன்னீய?" என்று பொதுவாகக் கேட்டாள். கையிலிருந்த சேலையை என் மடியில் வைத்தாள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்று பிறகு பலர் என்னிடம் சொன்னார்கள். யார் எதை என்மேல் போர்த்தினார்கள் என்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது. அதன் பிறகு நல்லது கெட்டது எல்லாம் அண்ணன் மகள் வழியாகத்தான் இரண்டு வீட்டுக்கும் போய் வந்தது. ஒரே கல்யாணத்துக்குப் போனால் மதினி ஒரு வரிசையில் உட்காருவாள், நான் வேறு வரிசையில் உட்காருவேன். இரண்டு பேரும் வயசாகிக்கொண்டே போனோம்.

நான் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் துணி துவைத்துப் பிழைத்தவள். சீசன் வந்தால் எண்ணெய் தேய்த்து அருவியில் குளித்துவிட்டு எண்ணெய்ப் பிசுக்கோடு வந்து படுப்பார்கள். அந்த விரிப்புகளை வெந்நீரில் போட்டு அலசி அலசித்தான் என் கை காய்த்தது. முழங்கால் போனதும் வேலையும் போனது. வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் துவைப்பதைவிட அலுப்பாக இருந்தது. அந்தச் சமயத்தில் சென்னையில் வேலைபார்க்கும் அண்ணன் மகள் லீவுக்கு வந்தாள். "பொழுது போவும் அத்தே" என்று என் போனில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். ஒரே மாதிரிப் பழம் மூன்றை ஒரு வரிசையில் சேர்த்தால் அவை மறைந்துபோகும். தோற்றால் ஓர் உயிர் போகும். எல்லா உயிரும் போய்விட்டால் காத்திருக்க வேண்டும், அல்லது தெரிந்தவர்கள் யாராவது ஓர் உயிர் அனுப்ப வேண்டும். என் போட்டோவைப் போட நான் சம்மதிக்காததால் ஒரு செம்பருத்திப் பூவைப் போட்டாள். பிறகு சாதாரணமாகச் சொல்வதுபோல, "அம்மா போன்லயும் இதேதான் இருக்கு" என்றாள்.

விளையாட்டில் மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்து ஒரு வழி போகும். அதில் எனக்கு வெகுதூரம் முன்னால் மதினியின் படம் நின்றது. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையோ திட்டப்போகிற முகத்தோடு. மறுநாள் காலையில் திறந்தபோது சிவப்பாக ஓர் உயிர் வந்திருந்தது. பக்கத்தில் மதினியின் முகம். போனைக் கையில் வைத்தபடியே அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தடவித் தடவி, நானும் ஒன்று அனுப்பினேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அது நடந்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளும் சொல்லியிருக்க மாட்டாள்.

மெல்ல மெல்ல நானும் பாதையில் ஏறிக்கொண்டிருந்தேன். ஓர் இடத்துக்கு வந்ததும் மதினியின் படம் நகரவில்லை. அங்கேயே நின்றது. நான் அவளுக்குக் கீழ்ப் படிவரை வந்துவிட்டேன். அவளை முந்த எனக்கு மனசு வரவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை முந்திப் பிந்தி வந்ததில்தான் இத்தனை வருஷம் போனது. அதனால் தெரிந்தே தப்பான பழத்தைத் தள்ளித் தள்ளித் தோற்றேன். ஒருநாள் மத்தியானம், மழையிருட்டில், தூக்கக் கலக்கத்தோடு எதையோ தொட்டேன். ஒன்று விழ, அதன் மேல் இன்னொன்று விழ, தானாகவே எல்லாம் சரிந்து ஜெயித்துவிட்டது. நிறுத்த வழி தெரியவில்லை. மறுநாள் தோற்கலாம் என்றுதான் ஆடினேன். அடுத்த படியும் அப்படியே போனது. என் செம்பருத்திப் பூ மதினியின் முகத்துக்கு மேலே நின்றது. அடுத்த நாள் காலையில் உயிர் வரவில்லை. அதற்கு அடுத்த நாள் பாதையில் அவள் முகமே இல்லை.

அண்ணன் மகளைக் கேட்டிருக்கலாம். ஆனால் விளையாட்டில் முந்திவிட்டேன், உன் அம்மாவுக்குக் கோபமா என்று ஒரு கிழவி எப்படிக் கேட்பது? மதினிக்கு உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றும் பயமாக இருந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள், பெட்டிக்கு அடியில் கிடந்த, மதினி அன்றைக்கு என் மடியில் வைத்துவிட்டுப் போன கோடிச் சேலையை எடுத்து உடுத்திக்கொண்டேன். வாயால் சொல்லத் தெரியாததற்கு வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் மங்குஸ்தான் பழம் வாங்கிக்கொண்டு, தென்காசி போய், பஸ் மாறி வீரகேரளம்புதூரில் இறங்கினேன். இறங்கியதும் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாமா என்றும் நின்றேன். கால் வலித்ததால்தான் அவள் வீடுவரை போனேன் என்று நினைக்கிறேன். அங்கேதான் உட்கார இடம் இருக்கும்.

மதினி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னட்டி, யாரும் செத்துட்டாவளா?" என்றாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"இல்ல மதினி. காலையில ஒங்ககிட்டருந்து ஒண்ணும் வரல. அதான்."

"அந்தச் சவத்தையா? அழிச்சாச்சு. ஒரு மாசமா ஒரே எடத்துல நிக்கேன் பாத்துக்க. ஒத்த மாம்பழம் வேணும், ஒத்த மாம்பழம். நான் பாக்கும்போது மேல நிக்குது, கை வைக்கப் போனா ஓடிருது. தோத்ததும் ஒருத்தி படத்துல வந்து நின்னு, துட்டு போடுன்னு பல்லக் காட்டுதா. ஆத்திரத்துல போனத் தூக்கி அரிசிப் பானைக்குள்ள போட்டு மூடிட்டேன். பெறவு பக்கத்து வீட்டு டீச்சரக் கூப்புட்டு அழிக்கச் சொன்னேன். நிம்மதியா இருக்கு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் ஒங்களத் தாண்டிட்டேன் மதினி. அதான் கோவமோன்னு நெனச்சேன்" என்றேன்.

மதினியின் கை கீரையிலேயே நின்றது. "தாண்டிட்டியா? எப்படிட்டி தாண்டுன? எனக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரப்படாதா?"

"எனக்கே தெரியல. தானா விழுந்துச்சு."

"ஒனக்குன்னா தானா விழுது" என்றாள். அப்போதுதான் என் சேலையைக் கவனித்தாள். முந்தானையை எடுத்துக் கரையை விரலால் தடவிப் பார்த்தாள். முந்தானையை விட்டுவிட்டு இன்னொரு கீரைக் கொத்தை எடுத்தாள். பிறகு கீரையைப் பார்த்துப் பேசுவதுபோல, "அன்னைக்கும் ஓந்தோள்ல தானாத்தான் விழுந்துச்சு. நீ என்ன பண்ணுவ? எனக்குத் தெரியாமலா இருக்கு" என்றாள். உடனே குரலை ஏற்றிக்கொண்டாள். "ஆனாலும் நான் அங்கன வரமாட்டேன், ஆமா. நீ வேணா இங்கன வா."

அந்தக் கீரையைத்தான் குழம்பு வைத்துப் போட்டாள். சாப்பிட்டோம். பழைய கதை எதுவும் பேசவில்லை. பேசத் தெம்பும் இல்லை. மங்குஸ்தானைப் பிதுக்கித் தோலை எறிந்துகொண்டு, அந்த விளையாட்டையும் அதைச் செய்தவனையும் மதினி விடாமல் திட்டினாள். கிளம்பும்போது, இனி காலையில் ஒன்றும் வராதே என்று நான் தயங்கி நின்றது அவளுக்குப் புரிந்திருக்கும். "போன்ல ஒரு அடி அடிச்சு நிறுத்துதேன், போ. எடுத்துப் பேசிராத. எனக்கு என்ன பேசன்னு தெரியாது" என்றாள்.

வீட்டுக்கு வந்து நானும் கொஞ்ச நாளில் அந்த விளையாட்டை விட்டுவிட்டேன். கோபத்தில் இல்லை. பாதையில் முன்னாலும் பின்னாலும் ஆள் இல்லாமல் எங்கே ஏறுவது? மாதம் ஒரு தடவையாவது வீரகேரளம்புதூருக்குப் போய் வந்தேன். போன வருஷம் மதினிக்குக் கண் மங்கிவிட்டது. மகள் அவளைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தடவிப் பார்த்து அழுத்துகிற பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஒரு பட்டனை அமுக்கிப் பிடித்தால் எனக்கு வரும். என் முழங்கால் இனி சென்னைவரை போகாது. அவளும் இங்கே வரமாட்டேன் என்று சொன்னதைக் காப்பாற்றிவிட்டாள்.

நேற்றும் பால் காய்ச்சுகிற நேரத்துக்குத்தான் போன் அடித்தது. ஆனால் நிற்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது. பயந்துபோய் எடுத்துவிட்டேன்.

"எடுத்துட்டியா?" என்றாள் மதினி. குரல் மிகவும் களைத்திருந்தது. "நிறுத்துற பட்டன் கைக்குத் தட்டுப்படலட்டி. எல்லாம் ஒண்ணு போலத்தான் இருக்கு."

"சரி மதினி."

அதற்கு மேல் என்ன பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை. அங்கே ஏதோ பஸ் ஹாரன் அடித்தது. அவள் மூச்சு விடுவது கேட்டது.

"நீயே நிறுத்திரு" என்றாள்.

நிறுத்துகிற இடம் எனக்குத் தெரியும். சிவப்பாக, கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. நான் நிறுத்தவில்லை.