நவ்ஷாத் மச்சானின் கடல்பாசி அச்சு

என் அக்கா மஹ்ரீனின் வீட்டுக்காரர் நவ்ஷாத் மச்சான். சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடமாகப் பிளேட் போடுகிறவர். 2007-ல் நான் நாலு வருடம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியபோது, அவர் வீட்டு அடுப்படியில் கிரைண்டர் இருந்த இடத்தில் ஒரு பெரிய பிரிண்டர் உட்கார்ந்திருந்தது. கிரைண்டர் வாசலுக்குப் போயிருந்தது.

மச்சானுக்குப் புதுக் கிறுக்கு. கம்ப்யூட்டரில் இருக்கும் போட்டோவை பிளாஸ்டிக் ஷீட்டில் அச்சடிப்பார். பிளாஸ்டிக் ஷீட் மையை உறிஞ்சாது, மை ஈரமாக மேலேயே நிற்கும். ஜெல்லி பூசிய கெட்டித் தாளில் அதைக் கவிழ்த்து அமுக்கிப் பொறுமையாக உரித்தால், படம் தாளுக்கு வந்துவிடும். ஓரங்கள் லேசாகக் கசிந்து, போட்டோவுமில்லாமல் ஓவியமுமில்லாமல் ஒரு தினுசாக இருக்கும்.

இன்டர்நெட்டில் ஜெலட்டின் என்று போட்டிருந்தது. எந்த மிருகத்தின் எலும்போ என்று யோசித்த மச்சான், நோன்பு திறக்க அக்கா சீனி போட்டுக் காய்ச்சி வைத்திருந்த கடல்பாசி ஜெல்லியை எடுத்துப் பூசிவிட்டார். படம் அருமையாக ஒட்டியது. எறும்பும் வந்தது. மறுநாளிலிருந்து சீனி போடாமல் தனியாகக் காய்ச்சினார்.

கவிழ்த்து எடுத்தால் படம் இடவலம் மாறிவிடும். முதலிலேயே கம்ப்யூட்டரில் திருப்பிவிட வேண்டும். கம்பெனியின் ஆப்செட் மெஷினில் அந்தத் தொல்லை இல்லை. பிளேட்டிலிருந்து ரப்பருக்கு, ரப்பரிலிருந்து தாளுக்கு என்று இரண்டு முறை புரண்டு படம் தானாக நேராகிவிடும். பத்தொன்பது வருடப் பழக்கத்தில் மச்சான் திருப்ப மறந்தார். பெருநாளுக்கு முன்கூட்டியே அவர் எடுத்துக் கொடுத்த வாழ்த்தைத் தெருவில் யாராலும் வாசிக்க முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் நாரணாபுரம் பட்டாசு ஆலைக்காரர் சீனிவாசகம் அண்ணாச்சி, தன் அறுபதாம் கல்யாணத்துக்கு மனைவி பொன்னுத்தங்கம்மாளின் படத்தைக் கேட்டார். இதையும் சொதப்பினால் பிரிண்டர் வெளியே, கிரைண்டர் உள்ளே என்று அக்கா சொல்லிவிட்டாள்.

விழாவன்று காலையில் சட்டம் போட்டு வந்த படத்தில் பொன்னுத்தங்கம்மாளின் முந்தானை வலது தோளில் கிடந்தது.

“இது எந்த ஊர்க் கட்டு?” என்றாள் அக்கா.

“சேட்டு வீட்டுப் பொம்பளைக இப்படித்தான் கட்டுவாக,” என்றார் மச்சான்.

மறுபடி எடுக்க நேரமில்லை. மண்டபத்தில் அண்ணாச்சி நெருங்கியும் விலகியும் பார்த்துவிட்டு, “ஜாடை இருக்கு. ஆனா ஆளு இவ இல்லியே,” என்றார். நோன்பு வைத்திருந்ததால் மச்சானுக்குப் பந்திக்குள் நழுவவும் வழியில்லை. செருப்பைத் தேட ஆரம்பித்தார்.

பொன்னுத்தங்கம்மாள் வந்து படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார்.

“இதுதான் நான். இம்புட்டு வருசமா போட்டோவுல எவளோ ஒருத்தி வந்து நிக்கா. தலை சீவும்போது தினம் கண்ணாடியில நான் பாக்குற மூஞ்சி இதுதான்.”

அதற்காகவே அப்படி எடுத்ததாக மச்சான் சொன்னார். அக்கா இருமினாள்.

அண்ணாச்சிக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டுமென்று அங்கேயே ஆர்டர் கிடைத்தது. பத்து நாளில் கொண்டுபோனோம். அண்ணாச்சிக்குப் பரம திருப்தி. சவரம் செய்யும்போது பார்க்கிற அதே ஆள் என்றார். பொன்னுத்தங்கம்மாள்தான் படத்தையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது யாரு? முப்பத்தஞ்சு வருசமா நான் குடித்தனம் பண்ணுனது இந்த ஆளோட இல்ல.”

தான் பார்ப்பதற்கு நேரான அண்ணாச்சி ஒன்று தனியாக வேண்டும் என்றுவிட்டார்.

இப்போது யார் ஆர்டர் கொடுக்க வந்தாலும், படம் உங்களுக்கா, வீட்டில் உள்ளவர்களுக்கா என்றுதான் மச்சான் முதலில் கேட்கிறார். வீட்டில் உள்ளவர்களுக்கு என்றால், கம்ப்யூட்டரில் படத்தைத் திருப்பிவைக்க அக்காவைக் கூப்பிடுவார்.