மொவாசோன் குடும்பத்து மகள், எங்கள் அம்மா

இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்கள் பலருக்கும் அம்மாவை அபிராமத்துப் பக்கம் நிலம் உழும் ஒரு சம்சாரி வீட்டு மருமகளாகத்தான் தெரியும். அம்மா பிறந்தது காரைக்காலில். பிறந்த வீட்டின் குடும்பப் பெயர் மொவாசோன்.

அம்மாவின் தாத்தா நெல் விவசாயி, இந்து. பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், சாதி வழக்கங்களை விட்டு அவர்களுடைய சட்டத்தை ஏற்பதாகக் கையெழுத்திட்டவர்கள் குடும்பப் பெயர் ஒன்றும் எடுத்துக்கொள்ள வேண்டும். தாத்தா எடுத்த மொவாசோன் என்ற பெயருக்கு அறுவடை என்று பொருள். பிரான்சில் அறுப்புக் காலத்தில் பிறந்தவர்களை முதலில் அப்படி அழைத்தார்களாம். அங்கே பழைய குடும்பங்கள் பெயரின் பொருளையே கேடயத்தில் சின்னமாக வரைவதுண்டு என்று கேள்விப்பட்டு, தாத்தா தானும் ஒன்று வரைந்தார்: நீலக் கேடயத்தில் மூன்று பொன்னிறக் கதிர்க்கட்டுகள். தச்சரிடம் கொடுத்து அதைத் தேக்குப் பெட்டியில் செதுக்க வைத்தார். அந்தப் பெட்டி அம்மாவுக்குச் சீதனமாக வந்தது. காரைக்கால் அரிசி மில்லில் வேலை பார்த்த அய்யா அம்மாவை மணந்து ஊருக்கு அழைத்து வந்தபோது, விவரம் முழுவதும் தெரிந்தவர் அய்யாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா ஒருவரே.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருடம் எனக்குப் பரமக்குடியில் சம்பந்தம் பேசினார்கள். பூ வைக்க வந்த அன்று மாப்பிள்ளையின் தாய்மாமன் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டார். அவர் காரைக்காலுக்கு ஜவுளி கொண்டுபோய் விற்பவர்.

“இந்த மாதிரிக் கேடயத்த அங்கன துரைமார் வீட்டுலதான் பாத்திருக்கேன். பேரு எடுத்தவக வீடா நீங்க?”

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். பெரியப்பா உள்ளே வந்து அம்மாவிடம், “ஏலத்துல வாங்குன பெட்டின்னு சொல்லிரு தாயி. பிள்ளை வாழ்க்கை” என்றார்.

வெளியே மாப்பிள்ளையின் தகப்பனாரே ஒரு வழி காட்டினார். “ராச வம்சத்து முத்திரைன்னா எங்களுக்குப் பெருமைதானே?”

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். அய்யா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா நிலைப்படியில் வந்து நின்றார்.

“ராச வம்சமும் இல்ல, ஏலத்துல வாங்குனதும் இல்லங்க. எங்க தாத்தா சம்சாரி. ஒசத்தி தாழ்த்தி வேணாம்னு கையெழுத்துப் போட்டுத்தான் அந்தப் பேர எடுத்தாரு. படமும் அவரு வரஞ்சதுதான்.”

“அப்ப நீங்க என்ன சாதி?”

“அவரு விட்டத நான் எதுக்குங்க திரும்ப எடுக்கணும்?”

பூவையும் பழத்தட்டையும் எடுத்துக்கொண்டு அவர்கள் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள். “இனி இந்த வாசல மிதிக்க மாட்டேன்” என்று பெரியப்பாவும் போய்விட்டார். செய்தி ஊரில் பரவி, அந்த வருடம் எங்கள் வயலுக்கு அறுக்க ஆள் வரவில்லை. அய்யாவும் அம்மாவும் நானுமே அறுத்தோம். அம்மா ஒருநாளும் அழுது நான் பார்க்கவில்லை.

பிறகு திருப்புல்லாணியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். காப்பி கொடுக்கும் முன்பே அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். “மறைக்காமச் சொன்னீகள்ல, அது போதும்” என்றார் என் மாமனார்.

சென்ற ஆண்டு மூச்சுத்திணறலில் படுத்த அம்மா, பத்து நாளில் எங்களை விட்டுப் பிரிந்தார். உடல்மேல் போர்த்தப் பிறந்த வீட்டார் கொண்டுவர வேண்டிய கோடிப் புடவை வர நேரமானது. எடுத்துவிடலாம் என்று பலரும் அவசரப்படுத்தினார்கள். அப்போது எங்கள் வாசலுக்கு வந்த பெரியப்பா, “அது வராம எடுக்கக் கூடாது” என்று குறுக்கே நின்றார். காரைக்காலிலிருந்து எங்கள் தாய்மாமா புடவையுடன் வண்டியை விட்டு இறங்கியதும், தெருவே கேட்கும்படி பெரியப்பா குரல் கொடுத்தார்:

“வழி விடுங்கப்பா, மொவாசோன் வீட்டுக் கோடி வருது!”

மருத்துவம் பார்த்தவர்களுக்கும், உடனிருந்து தோள் கொடுத்தவர்களுக்கும், வழி விட்டு ஒதுங்கி நின்ற எங்கள் ஊராருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.