படலைக்குள் ஒரு ஜெட்டி

மத்தியானச் சாப்பாட்டுக்கு நடுவில் அம்மா தலையை நிமிர்த்தி, "லோஞ்ச் போயிட்டுதோ?" என்று கேட்டார். நானும் அண்ணாவும் சிரித்தோம். அம்மாவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். அதுதான் முதல் அறிகுறி என்று அப்போது தெரியவில்லை.

அம்மா மூதூரில் கணித ஆசிரியராக இருந்தவர். பாலங்கள் வருவதற்கு முந்திய காலம். காலையில் திருகோணமலை ஜெட்டியில் (படகுத்துறையில்) லோஞ்ச் (இயந்திரப் படகு) ஏறிக் குடாவைக் கடந்து பள்ளிக்கூடம் போவார், பின்னேரம் திரும்புவார். இப்போது பஸ் சுற்றிப் போகிறது. அம்மாவும் ஓய்வுபெற்றுவிட்டார். லோஞ்ச் மட்டும் அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வைத்தியசாலையில் டாக்குத்தர் ஒரு தாளைக் கொடுத்து மணிக்கூடு வரையச் சொன்னார். அம்மா வட்டத்தை ஒரே இழுப்பில் போட்டார். கரும்பலகையில் எத்தனையோ வட்டம் போட்ட கை. ஆனால் எண்கள் எல்லாம் வலப்பக்கத்தில் போய் நெருக்கிக்கொண்டு நின்றன. அம்மா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "ஆக்கள் எல்லாம் ஒரு பக்கத்தில நிக்கினம், கவிழப்போகுது" என்றார்.

டிமென்ஷியா (மறதிநோய், மூளையின் உயிரணுக்கள் மெல்லப் பழுதுபட்டு நினைவையும் நேரத்தையும் திசையையும் குழப்புவது) என்ற சொல்லை டாக்குத்தர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி, "டீச்சர், இதை முழுசா மாத்த மருந்தில்லை. வேகத்தைக் கொஞ்சம் குறைக்கப் பாக்கலாம். மிச்சத்தை வீட்டிலதான் செய்யவேணும்" என்றார்.

நான் கொழும்பில் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புப் படிக்கிறவள், விடுமுறைக்கு வந்திருந்தேன். 'வீட்டிலதான் செய்யவேணும்' என்றது எனக்கு ஓர் ஒப்படை (பாடப் பயிற்சி) தந்தது போல இருந்தது. அழுவதற்குக்கூட நிற்காமல் வேலையைத் தொடங்கினேன். குசினிக் கதவில் கோப்பைப் படம், குளியலறையில் வாளிப் படம், அலுமாரிக்கு மஞ்சள் நிறம், நிலமெங்கும் அம்புக்குறிகள். அம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வந்து, "சோதனை எழுதுற மண்டபம் மாதிரிக் கிடக்கு, பிள்ளை. சுட்டெண் எங்க ஒட்டினனீ?" என்றார்.

உண்மையான கரைச்சல் பின்னேரங்களில்தான். பொழுது சாயும்போது பதற்றம் கூடும். இது இந்த நோயில் வழக்கம், உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் பார்த்திருப்பீர்கள். அம்மா சேலையைச் சரிசெய்து, கைப்பையை எடுத்துக்கொண்டு படலையடிக்கு (வெளிவாசல் கதவடிக்கு) போவார். "நான் வீட்ட போகவேணும். கடைசி லோஞ்ச். பிள்ளையள் தனிய."

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நான்தான். பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு நாள் எங்கள் அன்புவழிபுரம் ஒழுங்கையை (குறுந்தெருவை) தாண்டிப் பெரிய றோட்டுக்கே போய்விட்டார். அண்ணா வேலையால் வரும் வழியில் கண்டு கூட்டிவந்தான். அடுத்த நாள் ஓர் ஆமைப்பூட்டு வாங்கிவந்து மேசையில் வைத்தான்.

"அம்மாவைப் பூட்டி வைக்கிறதோ, அண்ணா?"

"எனக்கு ஆசையே? லொறி வாற றோட்டு. உன்ர படம் ஒட்டுற விளையாட்டு சரிவந்தாச் சொல்லு. இல்லாட்டி நீ கொழும்புக்குத் திரும்பிப் போற அண்டைக்குப் படலைக்குப் பூட்டுத்தான்."

அவன் சொன்னதிலும் பிழையில்லை.

மறதிநோய் உள்ளவர்கள் சிலருக்குக் கறுப்புக் கால்மிதி குழிபோலத் தெரியும், கடக்கமாட்டார்கள் என்று இணையத்தில் வாசித்தேன். ஓடிப்போய்ப் பெரியதொரு கறுப்புக் கால்மிதி வாங்கிப் படலைக்கு முன்னால் விரித்தேன். அம்மாவைப் பயப்படுத்தி நிறுத்துவது. அதையும் வடிவமைப்பு என்றுதான் நினைத்தேன்.

அம்மா வந்தார். நின்றார். கீழே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி இடக்கையில் பிடித்துக்கொண்டு, வலக்கையால் சேலைக் கரையை முழங்கால்வரை தூக்கி, மெதுவாக இறங்கினார்.

"வா, பிள்ளை. ஆழமில்லை. முழங்கால் மட்டும்தான்."

கடல் வற்றிய நாட்களில் லோஞ்ச் கரைக்குக் கிட்ட வராது, தண்ணீருக்குள் இறங்கிப் போய்த்தான் ஏறவேண்டும் என்று அம்மா முன்பு சொல்லியிருக்கிறார். குழியைக் கண்டால் மற்றவர்கள் நிற்கலாம். குடாவைக் கடந்து வேலைக்குப் போன ஒருவர் தண்ணீரைக் கண்டு நிற்பாரா? நான் கையைக் கொடுத்தேன். இருவரும் வெறும் காலோடு கால்மிதியைக் கடந்தோம். என் கணுக்காலில் குளிர் ஏறியது. பொய் சொல்லவில்லை.

மறுநாள் காலை, அம்மா தெளிவாக இருக்கும் நேரத்தில், தாளையும் நிறங்களையும் அவருக்கு முன்னால் பரப்பினேன். படலைக்குப் பக்கத்தில், வேம்புக்குக் கீழே, ஜெட்டியில் இருப்பது போல ஒரு வாங்கு (நீள இருக்கை) போடப்போவதாகச் சொன்னேன். வாங்கு றோட்டைப் பார்த்தபடி வரைந்திருந்தேன். அம்மா தாளைத் தலைகீழாகத் திருப்பினார்.

"வீடு இஞ்சால. தண்ணி நடுவில. வாங்கு வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும். வேற எங்க போறது?"

என் மூன்று வருடப் படிப்பில் யாரும் ஒரு படத்தை இவ்வளவு சுருக்கமாகத் திருத்தியதில்லை. தண்ணீருக்கு நீலத் துணி எடுத்துவந்தேன். "துறைமுகத்துக்குள்ள தண்ணி எப்ப நீலமா இருந்தது?" என்று தன்னுடைய பழைய பாசிப்பச்சைச் சேலையைத் தேடி எடுத்துத் தந்தார். அதை வெட்டி, கரை மடித்து, இருவரும் தைத்தோம். தையல் கோணியது. "அலை" என்றார்.

ஊசியைத் துணியில் நிறுத்தி, "லோஞ்ச் இப்ப ஓடுறேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சா ஏனம்மா இது?"

"இப்ப தெரியுது. பின்னேரம் வாற மனுசிக்குத் தெரியாது. பாவம், அவ பயந்து போய் வருவா. அவவுக்குத்தான் தைக்கிறம்."

இதை வாசிப்பவர்களிடம் நான் சொல்ல நினைப்பதெல்லாம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. மறதி வந்தவர்களுக்காகச் செய்யாதீர்கள், அவர்களோடு செய்யுங்கள். அவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒருவருக்காக.

வாங்கு வந்தது. பச்சைத் துணியை அதற்கும் வீட்டுப் படிக்கும் நடுவில் விரித்தோம். அன்று பின்னேரம் அம்மா வாங்கைப் பார்த்துவிட்டு அதில் உட்காரவே இல்லை. "ஆக்கள் இல்லாத ஜெட்டியில ஆர் நிப்பினம்? லோஞ்ச் போயிட்டுது போல" என்று படலையைத் திறக்கப் போனார். பிடித்து உள்ளே கொண்டுவர நானும் அண்ணாவும் பட்ட பாடு. அண்ணா பூட்டை எடுத்து வாங்கில் வைத்தான்.

ஆட்கள் வேண்டும். மூதூருக்குத் தொலைபேசி எடுத்தேன். ஃபரீதா டீச்சர் அம்மாவோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். ஒவ்வொரு பின்னேரமும் அம்மாவை லோஞ்சில் ஏற்றிவிட்ட பிறகுதான் தன் வீட்டுக்குப் போவார்.

அடுத்த நாள் பஸ்ஸில் வந்திறங்கினார். நான் விளக்கத் தொடங்கினேன். "விளங்குது, புள்ள. ஜெட்டில நிக்கிறதுக்கு எனக்குப் பாடம் வேணுமா?" என்று வாங்கில் போய் இருந்து கைப்பையை மடியில் வைத்தார்.

பொழுது சாய்ந்தது. அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு பதறிக்கொண்டு வந்தார்.

"இரிங்க டீச்சர், மூச்சு வாங்குது" என்றார் ஃபரீதா டீச்சர்.

அம்மா அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பெயர் வந்ததோ தெரியாது. பகிடி (வேடிக்கைப் பேச்சு) வந்தது. "நீங்க எண்டைக்கு நேரத்துக்கு வந்தனீங்க? இண்டைக்கு மட்டும் முந்திட்டீங்க."

"உங்களோட சண்டை பிடிக்கத்தான்."

இருவரும் இருந்து கதைத்தார்கள். யாரோ ஓர் அதிபரைத் திட்டினார்கள். யாருடைய வீட்டு நண்டுக் கறியோ நடுவில் வந்துபோனது. சோழகக் காற்று (தென்மேல் காற்று) எழும்பிப் பச்சைத் துணியை ஒரு மூலையில் தூக்கியது. அம்மா அங்குமிங்கும் பார்த்தார். பக்கத்திலிருந்த பூட்டை எடுத்தார். குனிந்து துணியின் மூலையில் வைத்தார்.

அண்ணா விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பூட்டை எடுக்கப் போகவில்லை.

பிறகு அம்மா எழும்பினார். "அப்ப நான் வாறன், டீச்சர்." செருப்பு இடக்கையில். சேலைக் கரை வலக்கையில். பச்சைத் துணியை மெல்லக் கடந்து, வீட்டுப் படியில் ஏறி, எனக்கு முன்னால் வந்து நின்றார்.

"வந்திட்டன், பிள்ளை. பயந்திட்டியோ? சாப்பிட்டியோ?"

"இல்லையம்மா" என்றேன். "பசிக்குது."

எல்லாப் பின்னேரமும் இப்படி முடிவதில்லை. சில நாள் வாங்கு வெறும் வாங்குதான், சில நாள் அம்மா அழுவார். நோய் தன் பாட்டில் நடக்கிறது. ஃபரீதா டீச்சர் வர ஏலாத நாட்களில் வேலையால் வரும் அண்ணா சப்பாத்தைக் கழற்றிவிட்டு வாங்கில் போய் இருக்கிறான். பூட்டு துணியில்தான் இருக்கிறது. துரு பிடிக்கத் தொடங்கிவிட்டது.

நான் கொழும்புக்குத் திரும்பிவிட்டேன். பின்னேரமானால் என் உடம்பு தானாக அமைதியாகிவிடுகிறது. யாரோ எனக்காகத் தண்ணீருக்குள் நடந்து வந்துகொண்டிருப்பது போல, கதவைப் பார்த்தபடி இருக்கிறேன். எனக்கு எத்தனை வயது என்று அந்த நேரம் கேட்டால் சரியாகச் சொல்லமாட்டேன்.