ஆக்கியவர் என்ற கட்டம்

ஊரில் உள்ளதையெல்லாம் வகை பிரித்துக் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் கொடுக்கும் தொழிலில், எனக்கு முதலில் துரோகம் செய்தவன் தனசேகர். எங்கள் அடி அண்ணாமலை கிராமத்துக்காரன்தான், தூரத்து மருமகன் முறை. மற்றவர்கள் செய்ததெல்லாம் அவனுக்குப் பிறகுதான்.

நான் எட்டாவது வரை படித்தவன். கிரிவலப் பாதையில் இருபத்தைந்து வருஷம் ஆட்டோ ஓட்டினேன். முட்டி தேய்ந்த பிறகு தனசேகர் என்னை பக்கத்தில் வேங்கிக்காலில் அவன் வேலை செய்யும் கம்பெனிக்குக் கூட்டிப்போனான். அங்கே தயாராவதற்கு ஆன்டாலஜி என்று பெயர். பயப்பட ஒன்றுமில்லை. எது எதில் ஒரு வகை, எது எதோடு சேர்ந்தது என்று கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுதிய பட்டியல். ஓர் ஊரில் எழுதியதை மற்ற ஊர்க்காரர்கள் இன்டர்நெட்டில் எடுத்துத் தங்கள் வேலைக்கு வைத்துக்கொள்வார்கள். யாத்திரை வருகிறவர்கள் போனில் கேட்கும் கேள்விகளுக்கு அதிலிருந்துதான் பதில் போகும்.

நான் சொல்லச் சொல்ல தனசேகர் தட்டினான். பட்டியலின் தலையில் 'ஆக்கியவர்' என்று ஒரு கட்டம் இருக்கும். முதல் நாளே அதை விரலால் தொட்டுக் காட்டினான். "மாமா, இங்க உன் பேரும் என் பேரும் சேர்ந்து வரும். எந்த ஊர்க்காரன் எடுத்தாலும் நம்ம பேரோடதான் எடுத்தாவணும்."

சத்திரத்தில் ஏசி

இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும், மேலே இருப்பதற்கு என்ன சொன்னாலும் கீழே இருப்பதற்கெல்லாம் அது தானாக ஒட்டிக்கொள்ளும். லாட்ஜ் என்றால் ரூம் உண்டு, கட்டில் உண்டு, கேட்டால் ஏசி உண்டு என்று எழுதியிருந்தோம். ஒரு நாள் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் தனசேகர் சத்திரத்தையும் லாட்ஜுக்கு அடியில் போட்டுவிட்டான். "ரெண்டும் தங்கற இடந்தானே மாமா" என்றான். தங்குகிற இடம் என்று தனியாக ஒன்று வைத்து இரண்டையும் அதன் கீழே போடு என்றேன். கேட்கவில்லை.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலையில் ஆந்திராவிலிருந்து ஒரு குடும்பம் சத்திரத்துக்குப் போய், போனைக் காட்டி ஏசி ரூம் கேட்டிருக்கிறது. சத்திரத்து மேனேஜர் எங்கள் ஆபீசுக்குப் போன் போட்டார். தனசேகர் போனை என் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். வாங்கிக் கட்டிக்கொண்டது நான். "இங்க இருக்கறது ஒரு ஹாலு, பதினாறு பாயி, ஒரு ஃபேனு. அதுவும் அதுக்கு மனசு வந்தாதான் சுத்தும். உன் வூட்டுல ஏசி இருந்தா கழட்டி எடுத்துனு வாய்யா."

குதிரை இல்லாத ஊர்

இது என் தப்பு, மறைக்கவில்லை. எங்கள் ஊரில் இப்போது குதிரை வண்டி கிடையாது. பட்டியலில் மட்டும் குதிரை வண்டி ஸ்டாண்டு இருந்தது. இல்லாதது எதற்கு என்று நீக்கச் சொன்னேன்.

அடுத்த நாள் இன்னொரு கோயில் ஊரிலிருந்து ஒருவர் போனில் கத்தினார். அங்கே இன்னும் ஜட்கா ஓடுகிறதாம். எங்கள் பட்டியலிலிருந்து அந்த ஒரு சொல்லை எடுத்து, தங்கள் ஸ்டாண்டுகளையெல்லாம் அதில் தொங்கவிட்டிருக்கிறார்கள். நாங்கள் இங்கே அதை நீக்கியதும் அங்கே எல்லாம் அந்தரத்தில் நின்றுவிட்டது. ஒரு யாத்திரிகருக்கும் ஒரு ஸ்டாண்டும் தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் குரல் இறங்கவில்லை. "பெரியவரே, உங்க ஊரு குதிரை செத்துப்போனா எங்க ஊரு வண்டி ஏன் நிக்கணும்?"

எருமைகளின் தீர்த்தம்

அன்றிலிருந்து ஆபீசில் ஒரு சட்டம் வந்தது. வெளியிட்ட எதிலும் கை வைக்கக் கூடாது. வேண்டாத சொல்லுக்குப் பக்கத்தில் 'பழையது' என்று குறிக்கலாம், திருத்தம் எதுவானாலும் அடுத்த பதிப்பில்தான். நல்ல சட்டம்தான், மாட்டுகிறவன் அடுத்தவனாக இருக்கும்வரை.

வேறொரு கம்பெனியின் பட்டியலோடு எங்களுடையதைச் சேர்க்கும் வேலை வந்தது. அவர்கள் குளம் என்று வைத்திருந்தார்கள், நாங்கள் தீர்த்தம் என்று வைத்திருந்தோம். தனசேகர் இரண்டும் ஒன்றே என்று போட்டான். "எங்க தீர்த்தம் எல்லாம் குளந்தாண்டா, ஆனா எல்லாக் குளமும் தீர்த்தம் ஆயிடுமா?" என்று கேட்டேன். பதிப்பு வெளியே போய்விட்டது என்றான். ஒரே வாரத்தில் எங்கள் கிராமத்து எருமைக் குளத்தில் இரண்டு வெளியூர்க்காரர்கள் இறங்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எருமைக்காரர் கரையில் நின்று என்னைப் பார்த்தார். "எங்க எருமைங்களுக்கு முன்னமே தெரிஞ்சிருக்குது பாரு. தினம் ரெண்டு வேள முழுகுதுங்க."

டீக்கடையில் ஒரு தேடல்

பட்டியலில் ஏழுமலை என்று என் பெயர் வரப்போகிறது என ஊரில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அது என் புத்தி. என் மனைவியின் தம்பி முருகன், டீக்கடையில் பத்துப் பேர் பார்க்கப் போனில் அதைத் திறந்து தலையிலிருந்து கடைசிவரை தள்ளினான். ஆக்கியவர்: தனசேகர். அவ்வளவுதான். நான் டீயைப் பாதியில் வைத்தேன். முருகன் கெட்டவன் இல்லை, வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. "மாமா, கல்லு மண்ணு கக்கூஸ் எல்லாம் இருக்குது. ஏழுமலை மட்டும் எங்கியும் இல்லியே."

அடுத்த பதிப்பு

தனசேகரைக் கேட்டேன். "டைப் அடிச்சது நான்தானே மாமா" என்றான். மேனேஜர் அனிதா மேடத்திடம் போனேன். பொறுமையாகக் கேட்டார். நான் சொன்னது நிஜம் என்றும் ஒப்புக்கொண்டார். ஆனால் நாலு ஊர்க்காரர்கள் எடுத்துவிட்டார்கள், அந்த நாலு இடத்திலும் தனசேகர் பெயரோடுதான் போயிருக்கிறது, வெளியிட்டதில் கை வைக்க முடியாது, அடுத்த பதிப்பில் போடலாம் என்றார். மூன்றாம் பதிப்பு வந்தது. அதிலும் இல்லை. மறந்துவிட்டதாம்.

அதோடு வேலைக்குப் போவதை நிறுத்தினேன். கிரிவலப் பாதையில் கோடையிலும் நல்ல தண்ணீர் கிடைக்கும் இடம், முட்டி வலிக்காரர்கள் உட்காரத் தோதான நிழல், இன்னும் எத்தனையோ இடம் என் தலையில் இருக்கிறது, பட்டியலில் இல்லை. பெயர் வந்தால்தான் வாயைத் திறப்பேன் என்று மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "உங்க இஷ்டங்க ஐயா. ஆனா பட்டியல்ல இல்லாத இடத்தை இப்போ யாரும் தேடறதில்லைங்க."

தனசேகர் சென்னையில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். போன வாரம் வந்த நான்காம் பதிப்பில், ஆக்கியவர் கட்டத்தில் அவனுடைய புது ஈமெயிலை மறக்காமல் மாற்றியிருக்கிறார்கள், என் பெயர் அடுத்ததில் வருமாம்.